வெள்ளவத்தை வீட்டின் சிவப்புக் கோடு

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்கும் ஓர் ஒழுங்கை, ஒரு சின்னத் தெரு. சித்திரை வருடப்பிறப்பு, நடுப்பகல். ஒரு பச்சைக் கேற்றின் கம்பிக்குள் கையை விட்டு, உள்ளே தொங்கும் பூட்டைப் பிடித்து அதே கேற்றில் அடித்துக்கொண்டிருக்கிறேன். மற்றக் கையில் போன். போனுக்குள் கனடா.

"அண்ணா, அம்மா வந்தவவோ?"

"இன்னும் இல்லைங்க தம்பி."

"பெல் அடிச்சுப் பாத்தீங்களோ?"

"அடிச்சேன். சத்தமே வரல்ல."

திரும்பவும் பூட்டால் அடித்தேன்.

ஒழுங்கையில் கூப்பிட ஆளில்லை. வருடப்பிறப்பென்றால் கொழும்பு பாதி காலியாகிவிடும். கடைகள் அடைப்பு. வெடி கொளுத்திய சிவப்புக் கடதாசித் துண்டுகள் காற்றில் கால் வரைக்கும் வந்து ஒட்டின. கேற் சுட்டது. அடிக்கிற கையை மாற்றி மாற்றி அடித்தேன்.

அப்படிப்பட்ட வெயில். ஆனால் அந்த வீட்டுக் கூரையில் நான் பூட்டிய பன்னிரண்டு சோலார் தகடுகளும் ஒரு வேலையும் செய்யாமல் படுத்திருந்தன. அன்று காலையில் அவற்றை நிறுத்திவிட்டுப் போனவன் நான்தான்.

கேற்றை அங்கேயே விட்டுவிட்டு, கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. இந்தத் தொடரைப் படிக்கிற பிள்ளைகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கோப்பைப் படம் போட்ட பெட்டிகள்

நான் ஜிந்துப்பிட்டியில் பிறந்து வளர்ந்தவன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா என்று இன்றும் சரியாகத் தெரியாது. பிறகு ஒருகொடவத்தையில் கொள்கலன் இறக்கும் வேலைக்குப் போனேன்.

சோலார் தகட்டை முதலில் அங்கேதான் கண்டேன். பெட்டியில் எழுதியிருந்தது எனக்குப் புரியாது. ஒரு கோப்பை வரைந்திருந்தது மட்டும் புரியும். கோப்பை இருந்தால் உள்ளே உடையும் சாமான். ஒரு நாள் ஒரு பெட்டியின் மூலை கிழிந்துவிட்டது. எட்டிப் பார்த்தால் கறுப்புக் கண்ணாடி. படம் வராத பெரிய ரீவி என்று நினைத்தேன்.

தொடக்கத்தில் அந்தப் பெட்டிகள் எப்போதாவதுதான் வந்தன. பிறகு நீண்ட மின்வெட்டுக் காலம் ஒன்று வந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், பெற்றோலுக்கு வரிசையில் நின்ற கதையையும் சேர்த்துச் சொல்வார்கள். அதற்குப் பிறகு ஊரே தலையை நிமிர்த்தித் தன் கூரையைப் பார்த்தது. கொள்கலன்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. இறக்கி முடியவில்லை.

சோலார் பூட்டுகிற சிறிய கம்பனி ஒன்றிலிருந்து ஒருவர் வந்து, "உயரத்துக்குப் பயமில்லாதவன் யார்?" என்று கேட்டார். தேர்த் திருவிழாவுக்குக் கோயில் கூரையில் மின்குமிழ் கட்டிப் பழகியவன் நான். கையை உயர்த்தினேன். அன்று உயர்ந்தவன்தான், இன்னும் கூரையில் நிற்கிறேன்.

கம்பனியில் எனக்கு மூத்தவர் நிமல் அய்யே; சிங்களத்தில் அய்யே என்றால் அண்ணன், மல்லி என்றால் தம்பி. குருநாகல் பக்கத்து ஆள். மின்சார வேலை அவர் சொல்லித் தந்தது. பேச்சில் பாதி சிங்களம், பாதி தமிழ். வெள்ளவத்தையில் ஒரு நாலு மாடி உச்சியில் நின்று ஒரு நாள் கையை வீசிக் காட்டினார்.

"பாரு மல்லி. முந்தி இங்க என்ன? தண்ணி டாங்கி, காக்கா. இப்ப பாரு."

பார்த்தேன். ஒரு பக்கம் கடல். மற்றப் பக்கம் கூரை கூரையாக நீலமும் கறுப்புமாக மின்னிக்கொண்டிருந்தது. கடல் எது, கூரை எது என்று கண் ஒரு நொடி தடுமாறியது.

இதை வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னேன். என் மகள் தர்ஷினி பத்திரிகையில் வந்த ஒரு படத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். இந்தியாவில் ஒரு பாலைவனம். கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் தகடு. அங்கே வருடத்துக்கு வருடம் அது கூடிக்கொண்டே போகிறதாம்.

"அப்பா, இதுல காக்கா எச்சம் போட்டா யாரு துடைப்பா?"

"பாலைவனத்துல காக்கா ஏதும்மா?"

"அப்ப தூசு?"

"தூசு இருக்கும்."

"அதை யாரு துடைப்பா?"

நிமல் அய்யேயைக் கேட்டேன். ஒரு மெஷின் இரவில் தகட்டின் மேல் தானே ஓடித் துடைப்பதை வீடியோவில் கண்டாராம். அதை மகளிடம் சொன்னேன். "பாவம், உங்களுக்கு வாளியும் துணியும்தான்" என்றாள்.

கேத்தல் போடுவதைக் கூடப் பார்க்கிற மகன்

பச்சைக் கேற் வீட்டு அம்மாவை ஒழுங்கையில் எல்லோரும் மணி அன்ரி என்பார்கள். யாழ்ப்பாணத்தவர். தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. ஒரே மகன் சுதன், கனடாவில் பெரிய லொறி ஓட்டுகிறார். தகடு பூட்டச் சொன்னதும் செலவு முழுவதையும் அனுப்பியதும் அவர்தான். எல்லாம் போனில்.

இந்த இடத்தில் ஒன்றை விளக்க வேண்டும். தகடு பூட்டினால் போனில் ஒரு படம் பார்க்கலாம். காலையில் வெயில் ஏற ஏற ஒரு மஞ்சள் கோடு மலை மாதிரி ஏறும். பின்னேரம் இறங்கும். உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் பார்க்கலாம். எல்லோருக்கும் அந்த மஞ்சள் கோடு போதும்.

சுதனுக்குப் போதவில்லை. "அண்ணா, வீட்டுக்குள்ள எவ்வளவு கரண்ட் பாவிக்கினம் எண்டும் காட்டோணும்" என்றார். அதற்குத் தனியாக ஒரு மீற்றர் போட வேண்டும். போட்டால் இரண்டாவதாக ஒரு சிவப்புக் கோடு வரும். லைட் போட்டால் சின்னதாக எழும்பும், தண்ணீர் கொதிக்கும் கேத்தலோ துணி தேய்க்கும் அயனோ போட்டால் பெரிதாக எழும்பும்.

நிமல் அய்யேயிடம் நான் சொன்னேன்: "அம்மா கேத்தல் போடுறதைக் கூடப் பார்க்கிற மகன். எவ்வளவு கஞ்சன் பாருங்க."

அய்யே ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டே, "உனக்குத் தெரியுமா? வேலையப் பாரு" என்றார்.

நான் வேலையை மட்டும் பார்த்திருக்கலாம். முடித்துவிட்டு இறங்கும்போது அம்மாவுக்குப் போனில் அந்தக் கோடுகளைக் காட்டினேன். காட்டினதோடு வாயை மூடியிருக்கலாம்.

"இனிக் கவனம் அம்மா. நீங்க லைட்டை அணைக்க மறந்தாலும் மகன் கண்டுபிடிச்சிடுவார். எல்லாத்தையும் அங்க இருந்தே பார்ப்பார்."

"எல்லாமோ?"

"எல்லாம்."

"அயன் போட்டாலும்?"

"அயன் போட்டா மலை மாதிரித் தெரியும்மா."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். "இருங்கோ தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். குடித்தேன். நல்ல தேத்தண்ணி. ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வெயிலுக்கும் லீவு

மூன்று மாதங்கள் போயின. சித்திரை வந்தது.

வருடப்பிறப்புக்கு ஊரெல்லாம் லீவு. தொழிற்சாலை ஓடாது, கந்தோர்களில் ஏசி ஓடாது. வீட்டுக்காரர்களும் ஊருக்குப் போய்விடுவார்கள். கரண்ட் பாவிக்க ஆளில்லை. ஆனால் சூரியனுக்கு லீவு தெரியுமா? இத்தனை கூரையிலும் வெயில் கரண்டாகி ஓடி வருகிறது.

முப்பது பேருக்குச் சோறு சமைத்து நாலு பேர் வந்தால் மிச்சத்தை நாளைக்கு வைக்கலாம். கரண்டை அப்படி வைக்க முடியாது, பெரிய பெரிய பற்றரி இருந்தாலொழிய. அந்தந்த நேரத்தில் எவ்வளவு செலவோ அவ்வளவுதான் வர வேண்டும். கூடினாலும் ஊர் முழுக்கக் கரண்ட் நின்றுவிடும். நிமல் அய்யே எனக்குச் சொன்னதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன்.

அதனால், லீவு நாட்களில் பகல் மூன்று மணி வரைக்கும் சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சாரக் கந்தோரிலிருந்து வீட்டுக்காரர்களுக்குச் செய்தி வந்தது.

"வெயிலுக்கும் லீவு குடுக்கிறாங்களா?" என்று தர்ஷினி கேட்டாள்.

சின்ன வயதுக்காரர்கள் சுவிட்சைத் தாங்களே நிறுத்திவிடுவார்கள். வெள்ளவத்தையில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு எது சுவிட்ச் என்று தெரியாது. நிமல் அய்யே ஊருக்குப் போய்விட்டார். வருடப்பிறப்புக் காலையில் நான்தான் வீடு வீடாகப் போனேன். "இன்னைக்குமா?" என்று என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எட்டு மணி போல மணி அன்ரி வீடு. கோயிலுக்குப் போகப் பட்டுச் சேலையோடு கேற்றடியில் நின்றார். மெலிந்திருந்தார். நான் உள்ளே போய் மாடிப்படிக்குக் கீழே, வெயில் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேர்ட்டர் பெட்டியின் இரண்டு சுவிட்சையும் இறக்கினேன். சின்னப் பச்சை வெளிச்சம் அணைந்தது.

வீடு இருட்டாக இருந்தது. ஹோலில் நிற்கும் ஃபேனுக்குத் தலையணை உறை போட்டு மூடியிருந்தது.

"ஃபேன் போடுறதில்லையாம்மா?"

"எனக்குக் குளிர் தம்பி."

சித்திரை மாதம். சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். நான் அதைக் கண்டேன். கண்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். இன்னும் ஆறு வீடு மிச்சம் இருந்தது.

பதினொன்றரைக்கு வீட்டில் கையைக் கழுவிவிட்டுச் சோற்றில் வைக்கிறேன், கனடாவிலிருந்து அழைப்பு.

"அண்ணா, அம்மான்ர கோடு நிண்டு போச்சு."

"அது நான்தான் தம்பி நிப்பாட்டினேன். லீவுக்கு நிப்பாட்டச் சொல்லி மெசேஜ் வந்திச்சு."

"சிவப்புக் கோடும் இல்லையே."

"இன்வேர்ட்டரை நிப்பாட்டினா ரெண்டும் வராது. மீற்றர் கணக்கும் அது வழியாத்தான் வருது."

"அம்மா போனும் எடுக்கிறா இல்லை. இருபது தரம் அடிச்சிட்டன்." நான் வாய் திறக்க முன் அவரே தொடர்ந்தார். "அண்ணா, இண்டைக்கு மட்டுமில்லை. ரெண்டு மூண்டு மாதமா அந்தக் கோடு சின்னனாகிக்கொண்டே வருது. அவ சமைக்கிறாவோ, எழும்பி நடக்கிறாவோ தெரியேல்ல. கேட்டா, நல்லா இருக்கிறன் எண்டுதான் சொல்லுவா. ஒருக்காப் போய்ப் பாப்பீங்களோ?"

சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். பஸ் இல்லை. ஓட்டோ கிடைக்கக் கொச்சிக்கடை வரைக்கும் நடந்தேன். ஓட்டோவில் உட்கார்ந்து, அவர் சொன்னதைத் திரும்பத் திரும்ப நினைத்தேன். கோடு சின்னதாகிக்கொண்டே வருகிறது. மூடிய ஃபேன் ஞாபகம் வந்தது. "எல்லாமோ?" என்று அவர் கேட்டது ஞாபகம் வந்தது. ஓட்டோக்காரரை வேகமாகப் போகச் சொன்னேன்.

பின்வாசல்

இதோ, கேற்றுக்குத் திரும்பி வந்துவிட்டோம்.

எத்தனை தரம் அடித்தேனோ தெரியாது. வீட்டின் பக்கவாட்டிலிருந்து ஒரு குரல்: "ஆரது? கேற்றை உடைக்கப் போறீங்களே?"

மணி அன்ரி. கையில் ஒரு பழைய கலண்டர் மட்டை. அதால் விசிறிக்கொண்டு மெதுவாக வந்தார். முகம் முழுக்க வியர்வை. பின்வாசல் படியில் கடற்காற்று கொஞ்சம் வருமாம், அங்கே உட்கார்ந்திருந்தாராம்.

நான் போனை உயர்த்தி, "தம்பி, அம்மா நல்லா இருக்காங்க" என்றேன்.  அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

"பெல் ஏம்மா அடிக்கல்ல?"

"கழட்டி வைச்சிட்டன். பெல்லும் கரண்ட்தானே தம்பி."

"போன்?"

"கோயில்ல சத்தத்தை நிப்பாட்டினனான். கைப்பைக்குள்ள கிடக்கு." பிறகுதான் என் முகத்தைக் கவனித்தார். "என்ன நடந்தது?"

போனை அவரிடம் கொடுத்தேன். சுதன் வீடியோவுக்கு மாற்றினார். கண் சிவந்து, தாடி வளர்ந்து, குளிர்ச்சட்டையோடு ஒரு சமையலறை மேசையில் இருந்தார்.

"அம்மா, ஏன் வேர்த்துக் கிடக்கு? ஃபேன் போடுறேல்லையோ?"

"ஏன் வீணா."

"என்ன வீணா?"

"நீ அங்க குளிருக்குள்ள லொறி ஓடி உழைக்கிறாய். நான் இங்க ஃபேனையும் கேத்தலையும் போட்டுக் கரைக்க, நீ அதைப் பாத்துக்கொண்டு இருக்கிறதே? அயன் போட்டா மலை மாதிரித் தெரியுமாமே."

எனக்கு நிற்க இடம் தெரியவில்லை.

சுதன் கண்ணைத் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அதுக்கோ அம்மா நான் அதைப் பூட்டினனான்? விடிய அஞ்சரைக்குச் சிவப்புக் கோடு ஒரு குட்டி மேடா எழும்பும். அம்மா எழும்பித் தண்ணி கொதிக்க வைக்கிறா எண்டு நினைப்பன். வெள்ளிக்கிழமையில கோடு ஒரு மணித்தியாலம் படுத்திருக்கும். கோயிலுக்குப் போயிட்டா. திரும்ப எழும்பும். வந்திட்டா. றோட்டோரம் லொறியை நிப்பாட்டிப்போட்டு இதைத்தான் பாக்கிறனான். நீங்கள் போனில சொல்லாததை அது சொல்லும்."

மணி அன்ரி கலண்டர் மட்டையை மடியில் வைத்தார்.

"அப்ப நான் இவ்வளவு நாளும் உன்னட்டை ஒளிச்செல்லோ நிண்டிருக்கிறன்" என்றார்.

அதற்கு மேல் சும்மா நிற்க என்னால் முடியவில்லை. "அம்மா, தப்பு என்னோடது" என்றேன். "தம்பி, நான்தான் அப்படிச் சொன்னேன். நீங்க காசுக் கணக்குப் பார்க்கத்தான் கேட்டீங்கன்னு நினைச்சேன். உங்களைக் கஞ்சன்னும் சொன்னேன்."

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு கிழமை யோசித்தேன். என் பிள்ளைகளும் இந்தத் தொடரைப் படிக்கிறார்கள். படிக்கட்டும். அப்பா ஒரு தாயையும் மகனையும் பற்றி ஒன்றும் தெரியாமல் ஒரு வார்த்தை விட்டார். அதனால் அந்தத் தாய் மூன்று மாதம் வியர்வையில் கிடந்தார். ஏணியில் கால் பிசகினால் எனக்கு மட்டும்தான் அடி.

சுதன் களைப்பாகச் சிரித்தார். "கஞ்சன்தான் அண்ணா. சப்பாத்து வாங்கி ஆறு வருசம்."

மணி அன்ரி என்னைப் பார்த்தார். "உங்களுக்கு வாய் கொஞ்சம் கூடத்தான் தம்பி" என்றார். "ஆனா நீங்கள் சொன்னது பாதி. மிச்சப் பாதியை நான் என்ர பாட்டில சேத்தனான். பெத்த பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்." பிறகு, "சாப்பிட்டீங்களோ?" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன்.

மூன்று மணி

ஃபேனின் தலையணை உறையை அவரே கழற்றினார். சோலார் நின்றிருந்தாலும் வீட்டுக்குக் கரண்ட் இருந்ததுதான். ஃபேன் சுற்றத் தொடங்கியதும் மேசையில் இருந்த பத்திரிகை பறந்தது. பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்துச் சாப்பாடு போட்டார். அவரும் என்னோடு சாப்பிட்டார். அழைப்பைத் தன் போனுக்கு மாற்றி, அதைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்திருந்தார். சுதன் அதில் இருந்தார்.

"நீ போய்ப் படன். அங்க விடியப் போகுது" என்றார் அம்மா.

"கோடு வரட்டும். பாத்திட்டுப் படுக்கிறன்."

"நான் முன்னாலதானே இருக்கிறன். கோட்டைப் பாத்து என்ன?"

"சும்மா."

சரியாக மூன்று மணிக்கு மாடிப்படிக்குக் கீழே போய் இரண்டு சுவிட்சையும் ஏற்றினேன். இன்வேர்ட்டர் உடனே எழும்பாது. ஊர்க் கரண்ட் சரியாக இருக்கிறதா என்று சில நிமிடம் பார்த்துவிட்டுத்தான் வேலை தொடங்கும். மூவரும் காத்திருந்தோம். பச்சை வெளிச்சம் வந்தது.

"வந்திட்டுது" என்றார் சுதன். தன் பக்கத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தார். "மஞ்சள் வந்திட்டுது. சிவப்பும் வந்திட்டுது."

மணி அன்ரி எழுந்தார். என்ன செய்யப் போகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அறைக்குள் போய் எதையோ போட்டுவிட்டு வந்து, "இப்ப போட்டது என்னெண்டு சொல்லு பாப்பம்" என்றார்.

கோடு கொஞ்சம் பிந்தித்தான் காட்டும். காத்திருந்தார்கள்.

"அது அயன்" என்றார் மகன். "அயனைப் போட்டிட்டு இஞ்ச நிக்காதேங்கோ. சீலை கருகப் போகுது."

"சீலை வைக்கேல்ல. சும்மாதான் போட்டனான்." போய் நிறுத்திவிட்டு, சமைக்கிற குசினிக்குள் போனார். திரும்பி வந்தார். "இது?"

இந்த முறை கூட நேரம் எடுத்தது.

"மிக்சி."

"பிழை. ரீவி."

"ரீவி இவ்வளவு எழும்பாது. ஏமாத்தாதேங்கோ."

அவர் சத்தமாகச் சிரித்தார். அந்த வீட்டில் அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் ஒரு தரம்தான் கேட்டிருந்தேன். மூன்றாவதாக எதையோ போட ஓடினார். எழுபது வயதுக்கு அது ஓட்டம்தான். வந்து, போனுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இது என்னெண்டு சொல்லு."

காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். பதில் இல்லை.

குனிந்து பார்த்தார். சுதன் மேசையில் கையை மடித்து, அதன் மேல் கன்னத்தை வைத்து நித்திரையாகிவிட்டார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. மூச்சுச் சத்தம் போன் வழியாகச் சீராக வந்தது.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மணி அன்ரி என் பக்கம் விரலை உயர்த்தினார்.

குசினிக்குப் போய், போட்டதை நிறுத்திவிட்டு, பாதத்தைச் சத்தமில்லாமல் வைத்து வந்தார். கதிரையைத் தூக்கி மெதுவாகப் போனுக்கு முன்னால் வைத்து உட்கார்ந்தார். கூப்பிடவுமில்லை, அழைப்பைத் துண்டிக்கவுமில்லை. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

போனின் மூலையில் பற்றரி சிவப்பாகக் காட்டியது. அதைக் கண்டு பதறி என்னைப் பார்த்தார். மேசைக்குப் பின்னால் சார்ஜரைத் தேடி எடுத்தேன். சுவரில் செருகி, மற்ற முனையைப் போன் அசையாதபடி பிடித்துப் பொருத்தினேன். ஏறத் தொடங்கியது.

அவர் தலையை மட்டும் அசைத்தார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.